கட்டைக் குரலும் ஒரு கல்யாணப் பாட்டும்

என் மகள் கல்யாணத்தில் ஒரே ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை அவ்வளவுதான். நகை, சீர், பந்தி எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசி முடித்தோம், யாரும் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. இந்தப் பாட்டுக்கு மட்டும் என் வீட்டில் நாலு மாதம் சண்டை நடந்தது. பெற்ற அப்பன் பாடுவதில் என்ன சண்டை என்று நீங்கள் கேட்கலாம். சங்கரன்கோவில்காரராக இருந்தால் கேட்க மாட்டீர்கள்.

எனக்கு வயது ஐம்பத்தாறு. விசைத்தறிக் கூடத்தில் வேலை. பதினைந்து வயதில் மற்றவர்களுக்கு உடைந்த குரல் கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது. எனக்கு உடைந்தது கிணற்றுக்குள் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. வகுப்பில் 'உள்ளேன் ஐயா' என்றால் வாத்தியார் நிமிர்ந்து, யாரோ பெரிய ஆள் வந்திருக்கிறார் என்று வாசலைப் பார்ப்பார். தறிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் வாய்விட்டுப் பாட ஆரம்பித்தேன். மெல்லிய குரல்காரன் அங்கே பாடினால் சத்தத்துக்கு மேலே தனியாகக் கேட்கும். நான் பாடினால் தறியின் சத்தத்தோடு கலந்து போய்விடும், பக்கத்துத் தறியில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. யாருக்கும் கேட்காது என்கிற தைரியத்தில் பாடிப் பழகின பாட்டு என்னுடையது.

இருபத்தாறு வயதில் ஊர் மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்தேன். அதில் இருபத்தைந்து வருடம் இருந்தேன். எனக்கு முதல் பாட்டைக் கொடுத்தார்கள். முதல் பாட்டு என்றால் பெருமை என்று நினைத்துவிடாதீர்கள். முதல் பாட்டு சாமி பாட்டு, கூட்டம் வருவதற்கு முன்னால் பாடுவது. பனவடலிசத்திரத்தில் கோயில் கொடை, ராயகிரியில் கொடை, ஊரில் ஆடித்தபசுத் திருவிழா, எங்கே போனாலும் இதே கதைதான். நான் உருகி உருகிப் பாடுவேன். எதிரே நாற்காலியை விரித்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். மைக்செட்காரர் என் பாட்டை வைத்துத்தான் ஸ்பீக்கரைச் சரிபார்ப்பார். கூட்டம் வந்து உட்காரும்போது நான் பாட்டை முடித்துவிட்டு, வழியை மறித்து நிற்கும் டூவீலரின் நம்பரை வாசித்துக்கொண்டிருப்பேன். 'கணீர்னு இருக்குல்லா, வண்டிய ஒடனே எடுத்துருதானுவ' என்று குழுத் தலைவர் பாராட்டுவார். இருபத்தைந்து வருடத்தில் என் குரலுக்கு அவர் சொன்ன பாராட்டு அது ஒன்றுதான்.

ஜோடிப் பாட்டு ஒன்றுகூட எனக்குக் கிடைத்ததில்லை. எங்கள் தொழிலில் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். என் குரலுக்குப் பாட்டை இரண்டு கட்டை இறக்க வேண்டும். இறக்கினால் கூடப் பாடுகிற பெண்ணுக்குக் குரல் கீழே எட்டாது. 'ஒமக்காவ எறக்குனா அந்தப் பிள்ளை பாடுமா, இல்ல பேசிட்டுப் போவுமா?' என்று கீபோர்டு வாசிக்கிறவர் கேட்பார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் நியாயத்தைச் சொல்லிச் சொல்லியே ஒரு மனுஷனை ஓரத்தில் உட்கார வைத்துவிடலாம். காதலிக்கிறவன் பாட்டெல்லாம் இன்னொருவனுக்குப் போனது. அவனுக்குச் சுருதி சேரும், தாளம்தான் சேராது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் மைக்செட் கடைக்காரரின் அப்பா இறந்துபோனார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ தெருத் தெருவாகப் போய்ச் சொல்லும். இன்னார், இன்ன தெரு, எடுக்கிற நேரம் இன்னது என்று. கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

'வே, எங்க அப்பாவுக்குச் சும்மா வாசிச்சா நல்லாருக்காது. ஒம்ம குரல்ல நாலு வரி பாடி, பெறவு பேரைச் சொல்லும்' என்றார்.

நானே நாலு வரி எழுதிப் பாடினேன். போகிறவருக்கு வழி விடுங்கள், கொஞ்ச நேரம் நின்று அனுப்புங்கள் என்கிற மாதிரி இருக்கும். எனக்குப் பிடித்த சுருதியில், யாருக்காகவும் ஏற்றாமல் இறக்காமல் பாடினேன். பாட்டு முடிந்ததும் சின்ன இடைவெளி விட்டு அவருடைய பேரைச் சொன்னேன். அன்றைக்கு ஆட்டோ போன தெருவில் எல்லாம் வேலையை விட்டுவிட்டு ஜனம் வாசலுக்கு வந்தது. பூ மார்க்கெட்டில் தராசைக் கீழே வைத்துவிட்டு நின்றார்களாம். கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு சாவு வீட்டில் நின்றுகொண்டு நான் சந்தோஷப்பட்டேன்.

அதோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை, இதில் என் குற்றமும் உண்டு. அடுத்த சாவுக்கு அந்த வீட்டாரே அதே பாட்டுத்தான் வேண்டும் என்றார்கள். பாட்டு ஏற்கெனவே பதிந்து வைத்தது, பேரை மட்டும் நான் கடைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். தறி ஓட்டிக்கொண்டிருக்கும்போது கடைக்காரர் போன் பண்ணுவார். 'ஒரு பேரு வந்திருக்கு வே' என்பார். வேட்டியில் ஒட்டின பஞ்சைத் தட்டிவிட்டுப் போய்ப் பேரைச் சொல்லிவிட்டு வருவேன். கொஞ்ச காலத்தில் ஊரில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த ஆட்டோ தெருவுக்குள் வந்து என் குரல் எழும்பினால், உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். ஆண்கள் மடித்துக் கட்டின வேட்டியை இறக்கிவிடுவார்கள். பாட்டு முடிந்து பேர் வருகிற வரைக்கும் நிற்பார்கள். பேர் தெரிந்த பிறகு, வேண்டாத ஆளாக இருந்தால் உட்கார்ந்துவிடுவார்கள்.

ரிட்டையரான ஒரு பெரியவர் கடைக்கே வந்து, தன் பேரைச் சொல்லிக் காட்டும்படி என்னிடம் கேட்டார். 'நான் போன பெறவு எனக்குக் கேக்காதுல்லா, அதான் இப்பவே கேட்டுட்டுப் போறேன்' என்றார். பாட்டைப் போட்டுப் பேரைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தெருப் பேரை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லச் சொன்னார். நல்ல ரசிகர். எனக்கு வாய்த்த ரசிகர்கள் எல்லாம் இந்த ரகம்தான்.

பிறகு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஒரு கல்யாண வரவேற்பில் பழையபடி முதல் பாட்டுக்கு மைக்கைப் பிடித்தேன். பிள்ளையார் பாட்டு. முதல் வரியை எடுத்ததும் பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சோற்றுக் கையோடு எழுந்து, 'யாரு? எந்தத் தெரு?' என்று பக்கத்து இலைக்காரரைக் கேட்டார். சிரிப்பும் வந்தது, சிலருக்கு முகமும் கறுத்தது. பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு வந்து என் கையில் இருந்து மைக்கை வாங்கிவிட்டார். மறுநாள் குழுத் தலைவர் வீட்டுக்கு வந்தார்.

'தப்பா நினைக்காதிய. ஒங்க குரல்ல ஒரு கொறையும் இல்ல. ஆனா நல்ல காரியத்துக்கு யோசிக்காவ.'

இருபத்தைந்து வருடத்தை அவர் ஒரு தம்ளர் காப்பி குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டுப் போனார். அந்த வாரமே ஒரு பேர் வந்தது. போய்ச் சொன்னேன். வேறு எங்கேதான் போவேன்?

அப்போது என் மகள் கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் போனைக் கொண்டுவந்து நீட்டினாள்.

'அப்பா, இந்த ஆளு பாடுதத கேளுங்க. ஒங்க குரல் மாதிரியே இருக்கு.'

கோட்டுப் போட்ட பருத்த அமெரிக்காக்காரர் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் குரல் புரிந்தது. அதுவும் கிணற்றுக்குள் விழுந்த குரல்தான். ஆனால் அந்தக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. முழுக் கதையையும் பாட்டாகவே நடத்துகிற நாடகம் ஒன்று உண்டாம், ஓபரா என்று பேர். அதில் இந்தக் குரலுக்குத் தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், பாரிடோன் என்று மகள் சொன்னாள். அவ்வளவு பெரிய அரங்கத்தில் மைக்கே கிடையாதாம். மைக்செட் கடையில் போய் நிற்காமலே ஒரு பாட்டுக்காரன் பிழைத்திருக்கிறான் என்பதை நம்பவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

அவருடைய கதையை மகள் படித்துப் படித்துச் சொன்னாள். அப்பா பன்றிப் பண்ணை வைத்திருந்தவர். சர்ச்சில் பாடிப் பழகி, சின்ன ஊர் மேடைகளில் ஏறி இறங்கி, வயது முப்பது தாண்டின பிறகுதான் பெரிய நகரத்து மேடைக்குப் போயிருக்கிறார். அங்கேயும் காதலன் வேஷம் மெல்லிய குரலுக்குத்தானாம். கனத்த குரலுக்கு எதிரி, பெண்ணைப் பெற்றவன், கெட்ட அதிகாரி, இந்த வேஷங்கள்தான் வருமாம். அதைக் கேட்டதும் எனக்கு அந்த ஆள் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். ஆனால் அதற்கு மேல் ஒன்றும் பொருந்தவில்லை. அந்த மனுஷர் மேடையில் எத்தனை பேரைக் குத்தினாரோ, எத்தனை தடவை செத்து விழுந்தாரோ. நாடகம் முடிந்து வெளியே வந்தால் பூச்செண்டு கொடுத்தார்கள். அவருடைய குரலைக் கேட்டு யாரும் சோற்றுக் கையோடு எழுந்திருக்கவில்லை. எரிச்சலாக இருந்தது. எரிச்சலோடு தினமும் பார்த்தேன்.

ஒரு வீடியோவில் அவர் தன்னுடைய மகள் கல்யாணத்தில் பாடினார். தலை நரைத்திருந்தது. கல்யாண உடுப்பில் இருந்த பெண், பாட்டு முடிந்ததும் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டது. நானும் என் மகளும் சேர்ந்து பார்த்தோம். அவள்தான் சொன்னாள், நான் கேட்கவில்லை.

'எங் கல்யாணத்துக்கு நீங்களும் பாடணும்ப்பா. சும்மா சொல்லல, நெசமாத்தான் சொல்லுதேன்.'

அன்றைக்குப் பிடித்த ஆசை இது. நாலைந்து வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். வாசுதேவநல்லூரில் மாப்பிள்ளை அமைந்து நிச்சயதார்த்தமும் முடிந்த பிறகு என் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்துவிட்டாள்.

'ஊரு முழுக்க வந்து உக்காந்திருக்கும். நீங்க வாயைத் தெறந்ததும் எல்லாரும் என்ன நினைப்பாவ?'

'பெத்தவன் பாடுதான்னு நினைப்பாவ.'

'அப்படி நினைக்க மாட்டாவ. அது ஒங்களுக்கே தெரியும்.'

இப்படியே நாலு மாதம். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போவாள். நான் சாப்பிடாமல் எழுந்து போவேன். மகள் இரண்டு பேருக்கும் நடுவில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நீ என்ன சொல்லுகிறாய் என்று நான் அவளைக் கேட்டிருக்கலாம். அவள்தான் எப்போதோ சொல்லிவிட்டாளே என்று இருந்துவிட்டேன். கடைசியில் மனைவி ஒருநாள் அலுத்துப்போய், 'ஒங்கள நான் பாடாண்டாம்னு சொல்லல. நம்ம ஊருல பாடாண்டாம்னுதான் சொல்லுதேன்' என்றாள்.

அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்தைப் பெண் ஊரில் வைப்பதுதான் எங்கள் வழக்கம். நான் சம்பந்தியிடம் போய், வாசுதேவநல்லூரிலேயே வைத்துக்கொள்வோம் என்றேன். ஏன் என்றார். உங்கள் சொந்தம் பெரிது, வந்துபோக வசதியாக இருக்கும் என்று வாய் கூசாமல் சொன்னேன். இப்படி ஒரு பெருந்தன்மையா என்று அவர் நெகிழ்ந்துபோனார். என் மனைவி வீட்டார் என்னைத் திட்டினார்கள். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். வாசுதேவநல்லூரில் அந்த ஆட்டோ போகாது. அங்கே என் குரலை ஒருவருக்கும் தெரியாது. பிறந்த ஊரில் பாட முடியாமல் முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் ஒளிந்து பாட வேண்டியிருக்கிறதே என்று இருந்தது. ஆனாலும் பாடலாமே.

முகூர்த்தம் காலையில் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் வரவேற்பு. ராஜபாளையத்தில் இருந்து குழு வந்திருந்தது. எங்கள் ஊரில் இருந்து ஒரு பஸ்ஸில் சொந்தக்காரர்கள் வந்து இடது பக்கம் நாலு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மற்றபடி மண்டபம் நிறைய மாப்பிள்ளை வீட்டு ஜனம். ஒரு பஸ் ஆள்தானே, அதுவும் கல்யாணச் சட்டையில் சிரித்துக்கொண்டிருக்கிற ஆட்கள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீபோர்டுக்காரரிடம் போய், பெண்ணைப் பெற்றவன் பாடுகிற பழைய பாட்டு ஒன்றைச் சொல்லி, இரண்டு கட்டை இறக்கி வாசிக்கச் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் இறக்கினார். இருபத்தைந்து வருடமாக நடக்காத காரியம், ஒரு பொத்தானை அமுக்கி முடித்துவிட்டார்.

பாடினேன். நன்றாகப் பாடினேன், அதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், வேறு யார் சொல்லப் போகிறார்கள். முதல் வரியிலேயே மாப்பிள்ளை வீட்டு ஜனம் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது. சம்பந்தி தன் பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் கைகாட்டி ஏதோ பெருமையாகச் சொன்னார். தொண்டையும் நெஞ்சும் ஒன்றாகத் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. இதற்குத்தானே பிறந்தோம் என்று நினைத்தேன்.

இரண்டாவது சரணத்தில், இடது பக்கம் என் மனைவியின் சித்தப்பா எழுந்து நின்றார். எழுபது வயதுக்கு மேல் ஆனவர். எதற்கு நிற்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. தலையைக் குனிந்துகொண்டு, வேட்டி நுனியை இறக்கிவிட்டார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் அவரைப் பார்த்து எழுந்தார்கள். நாலு வரிசையும் ஒவ்வொன்றாக எழுந்துவிட்டது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் கைதட்டவில்லை. எங்கள் தெருவில் எப்படி நிற்பார்களோ, அப்படியே நின்றார்கள்.

வலது பக்கத்துக்காரர்கள் இதைப் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா பாடினால் எழுந்து நிற்பது சங்கரன்கோவில் பக்கத்து மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். சம்பந்திதான் முதலில் எழுந்தார். பிறகு மண்டபமே எழுந்தது. அந்த அமெரிக்காக்காரருக்கு அரங்கமே எழுந்து நிற்பதைப் போனில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எனக்கும் எழுந்து நின்றார்கள். எதற்கு என்று அந்த மண்டபத்தில் தெரிந்தது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான். நடுவில் நிறுத்தத் தெரியவில்லை. பாதியில் நிறுத்தினால் அது இன்னும் கெட்ட சகுனமாகிவிடும். கடைசி வரி வரைக்கும் பாடி முடித்தேன்.

வலது பக்கம் கைதட்டி, விசிலடித்து, 'இன்னொண்ணு பாடுங்க சம்பந்தி' என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். இடது பக்கம் ஒருவரும் உட்காரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. மைக்கைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக, முழித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். என் மனைவி கடைசி வரிசையில் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

மணமக்கள் நிற்கிற இடத்துக்குப் போனேன். மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். 'மாமா, மண்டபமே எந்திரிச்சுட்டு பாத்தீயளா! இப்படி ஒரு வரவேற்பு எங்க ஊருல யாருக்கும் கெடச்சதில்ல' என்றான். நல்ல பையன், கள்ளம் தெரியாது. நான் மகளைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை பூத்து, போட்டிருந்த பவுடர் கலைந்திருந்தது. சிரிக்கத்தான் பார்த்தாள், உதடு விரியவில்லை. ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. என் தோள் பக்கம் குனிந்து, மாப்பிள்ளைக்குக் கேட்காத மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

'பாட்டு முடிஞ்சதும் பேரைச் சொல்லிருவீங்களோன்னு பயந்துட்டேம்ப்பா.'

யார் பேரை என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் கையை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வளையல் அழுந்தி அவன் மணிக்கட்டு சிவந்திருந்தது.